கிராபீன்ஓஎஸ் போனில் வரைபடம், பஸ், ரயில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய பிக்சல் போன் ஒன்றை வாங்கி, அதில் இருந்த ஆண்ட்ராய்டை அழித்துவிட்டு, கூகுள் சேவைகள் இல்லாமல் வரும் கிராபீன்ஓஎஸ் என்ற இயங்குதளத்தை ஏற்றுகிறவர்கள் முதல் நாள் மிகவும் மகிழ்ச்சியாக இருப்பார்கள். இரண்டாம் நாள் வீட்டை விட்டு வெளியே கிளம்புவார்கள். அன்று மாலை எனக்குத் தொலைபேசி வரும்: "வரைபடத்தில் நான் எங்கே இருக்கிறேன் என்றே தெரியவில்லை." நண்பர்களும் உறவினர்களும் கேட்ட கேள்விகளையும், நானே தடுக்கி விழுந்து கற்ற பதில்களையும் இங்கே எழுதி வைத்திருக்கிறேன். நான் இருப்பது சென்னையில். எடுத்துக்காட்டுகளும் அங்கிருந்தே வருகின்றன.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பது, வரைபடம் காட்டுவது, பஸ் எப்போது வரும் என்று சொல்வது, டிக்கெட் தருவது என்று இவை நான்கு தனித்தனி வேலைகள். சாதாரண போனில் நான்குக்கும் பின்னால் கூகுள் என்ற ஒரே ஆள் நிற்பதால் நமக்கு அது தெரிவதில்லை. இந்தப் போனில் அந்த ஆளை வெளியே அனுப்பிவிட்டீர்கள். இனி எந்த வேலைக்கு யார் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். கீழே உள்ள சிக்கல்களில் பெரும்பாலானவை, ஏதோ ஒரு வேலைக்கு ஆள் நியமிக்க மறந்ததால் வந்தவை.

நீலப் புள்ளி வரவே பல நிமிடங்கள் ஆகின்றன. வீட்டுக்குள் வருவதே இல்லை. போன் பழுதா?

பழுது இல்லை. வீட்டுக்குள் உட்கார்ந்தபடியே நொடியில் புள்ளி வருவது ஜிபிஎஸ்ஸின் வேலை என்று நாம் நம்பிக்கொண்டிருந்தோம். அது பெரும்பாலும் வைஃபையின் வேலை. சுற்றியிருக்கும் வைஃபை பெட்டிகளின் அடையாள எண்களைப் போன் கவனித்து, கூகுளிடம் கேட்டு, "நீ இந்தத் தெருவில் இருக்கிறாய்" என்ற பதிலை வாங்கி வந்தது. கிராபீன்ஓஎஸ்ஸில் இந்த வழி ஆரம்பத்தில் மூடியே இருக்கும். மிஞ்சுவது வானம் மட்டும்.

வானம் மெதுவாகப் பேசும். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன; ஒவ்வொன்றும் தன் பாதை விவரத்தைத் தானே ஒலிபரப்புகிறது. ஆனால் அந்த ஒலிபரப்பின் வேகம் நொடிக்கு 50 பிட். ஒரு செயற்கைக்கோளின் சொந்தப் பாதை விவரம் ஒரு சுற்று வந்து முடிய அரை நிமிடம். எல்லாச் செயற்கைக்கோள்களுக்குமான பொதுப் பஞ்சாங்கம் முழுதாக வந்துசேர 12½ நிமிடம். (பஞ்சாங்கம் என்பது என் நகைச்சுவை அல்ல, ஆங்கிலத்திலும் அதற்குப் பஞ்சாங்கம் என்றுதான் பெயர்.) இடத்தைக் கணிக்க நான்கு செயற்கைக்கோள்களாவது தெரிய வேண்டும். தியாகராய நகரின் ஒரு சந்தில், இரு பக்கமும் நான்கு மாடிக் கட்டடங்களுக்கு நடுவே நின்றால், தலைக்கு மேல் தெரிவது ஒரு கீற்று வானம்தான்.

இந்தக் காத்திருப்பைக் குறைக்கத்தான் பாதை விவரத்தை முன்கூட்டியே இணையத்தில் தரவிறக்கிக்கொள்ளும் ஏற்பாடு இருக்கிறது. அமைப்புகளில் பிஎஸ்டிஎஸ், எஸ்யுபிஎல் என்ற பெயர்களில் அது தென்படும். கிராபீன்ஓஎஸ் இவற்றைத் தன் சொந்த சர்வர்கள் வழியாகவே வாங்கிக்கொள்கிறது. தனியுரிமை ஆர்வத்தில் சிலர் இரண்டையும் அணைத்துவிட்டு, பிறகு ஜிபிஎஸ் மோசம் என்று திட்டுகிறார்கள். அணைக்காதீர்கள். புதிதாக ஏற்றிய போனை ஒருமுறை மொட்டை மாடிக்குக் கொண்டுபோய், இணையத் தொடர்போடு கால் மணி நேரம் வைத்திருங்கள்.

அந்த வைஃபை வழியைத் திறக்க முடியுமா? திறந்தால் கூகுளிடமே திரும்பிப் போனதாக ஆகாதா?

முடியும், ஆகாது. அமைப்புகளில் இருப்பிடம், அதற்குள் இருப்பிடச் சேவைகள், அதற்குள் நெட்வொர்க் லொகேஷன். இதைக் கிராபீன்ஓஎஸ் தானே எழுதிச் சேர்த்திருக்கிறது. இடவிவரங்கள் ஆப்பிள் நிறுவனத்தின் வைஃபை தரவுத்தளத்திலிருந்து வருகின்றன. நேரடியாக ஆப்பிளிடம் கேட்கலாம். கிராபீன்ஓஎஸ்ஸின் இடைநிலை சர்வர் வழியாகவும் கேட்கலாம். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால் உங்கள் ஐபி முகவரி ஆப்பிளுக்குப் போகாது. அருகிலுள்ள வைஃபை பெட்டிகள் எங்கெங்கே இருக்கின்றன என்ற பட்டியல் மட்டும் வரும். அதை வைத்து உங்கள் இடத்தைக் கணக்கிடுவது போனுக்குள்ளேயே நடக்கிறது.

அதோடு வைஃபை ஸ்கேனிங் என்ற பொத்தானையும் பாருங்கள். வைஃபையை அணைத்து வைத்திருக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு அது இல்லாமல் இந்த வழி வேலை செய்யாது. என் அனுபவத்தில், எனக்கு வரும் புகார்களில் பாதி இந்த இரண்டு பொத்தான்களோடு முடிந்துவிடுகிறது.

செயலி "துல்லியமான இருப்பிடம்" கேட்கிறது. தோராயமாகக் கொடுத்தால் போதாதா?

செயலியைப் பொறுத்தது. ஆண்ட்ராய்டு 12 வெளிவந்த 2021 முதல் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நமக்கு இருக்கிறது. தோராயம் என்றால் ஏறத்தாழ 3 சதுர கிலோமீட்டர் பரப்புக்குள் எங்கோ ஓரிடம். வானிலைச் செயலிக்கு அது தாராளம். "என்னைச் சுற்றியுள்ள பஸ் நிறுத்தங்கள்" என்று கேட்டால், மயிலாப்பூரில் நிற்கும் உங்களுக்கு மந்தைவெளி நிறுத்தத்தைக் காட்டும். வழிகாட்டலுக்குத் துல்லியம் கொடுத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் "செயலியைப் பயன்படுத்தும்போது மட்டும்" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். "எப்போதும்" என்று அனுமதி கேட்கும் பஸ் செயலியை நான் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன். நான் தூங்கும்போது எந்த பஸ்ஸுக்காக அதற்கு என் இடம் தெரிய வேண்டும்?

புள்ளி சரியான இடத்தில் இருக்கிறது. ஆனால் நான் திரும்பினாலும் அம்புக்குறி திரும்பவில்லை.

கிராபீன்ஓஎஸ்ஸில் மட்டும் உள்ள ஓர் அனுமதி காரணமாக இருக்கும்: சென்சார்ஸ். திசைகாட்டி, முடுக்கமானி, சுழற்சிமானி எல்லாம் அதற்குள் அடக்கம். நிறுவும்போது அவசரமாக மறுத்திருப்பீர்கள், அல்லது எல்லாச் செயலிகளுக்கும் மறுப்பு என்று பொதுவாக அமைத்திருப்பீர்கள். வரைபடச் செயலியின் அனுமதிகளுக்குள் போய்த் திறந்துவிடுங்கள். அப்படியும் அம்பு தவறான திசையைக் காட்டினால், போனைக் காற்றில் எட்டு போட்டு ஆட்டுவது என்ற பழைய வைத்தியம் இன்றும் பலிக்கிறது. காந்தம் வைத்த போன் உறை இருந்தால் கழற்றிவிட்டு ஆட்டுங்கள்.

கூகுள் மேப்ஸையே நிறுவலாமா? அது குற்றமா?

தாராளமாக நிறுவலாம். தனியுரிமையை மதப் பிரிவுபோல் நடத்துகிறவர்கள் முகம் சுளிப்பார்கள். அவர்களைப் பொருட்படுத்த வேண்டாம்.

கிராபீன்ஓஎஸ்ஸில் கூகுள் பிளே சர்வீசஸ் (மற்றச் செயலிகள் இருப்பிடம், வரைபடம் போன்றவற்றுக்கு நம்பியிருக்கும் கூகுளின் பின்னணி மென்பொருள்) ஒரு சாதாரணச் செயலியாகவே ஓடுகிறது. வேறு போன்களில் அதற்கு எல்லா அறைகளின் சாவியும் உண்டு. இங்கே வாசலில் நின்று அனுமதி கேட்க வேண்டும். 2021-இல் வந்த இந்த ஏற்பாடுதான், என்னைக் கேட்டால், இந்த இயங்குதளத்தை அன்றாடம் பயன்படுத்தத் தக்கதாக ஆக்கியது. கிராபீன்ஓஎஸ்ஸின் சொந்தச் செயலிக் கடையைத் திறந்தால் பிளே சர்வீசஸும் பிளே ஸ்டோரும் அங்கேயே இருக்கும். நிறுவிவிட்டு மேப்ஸை இறக்கிக்கொள்ளலாம்.

இங்கே எல்லோரும் ஒரு தவறு செய்கிறார்கள். மேப்ஸில் இடம் தெரியவில்லை என்றதும் பிளே சர்வீசஸுக்கு இருப்பிட அனுமதி கொடுத்துவிடுகிறார்கள். தேவையில்லை. கிராபீன்ஓஎஸ்ஸின் பிளே அமைப்புகளில், செயலிகள் கூகுளிடம் கேட்கும் இருப்பிடக் கேள்வியை இயங்குதளத்துக்கே திருப்பிவிடும் பொத்தான் ஒன்று உண்டு. அது ஆரம்பத்திலேயே இயங்கிக்கொண்டிருக்கும். ஆகவே மேப்ஸுக்கு அனுமதி இருந்தால் போதும், பிளே சர்வீசஸுக்கு வேண்டாம். முன் கேள்விகளில் சொன்ன ஜிபிஎஸ்ஸும் வைஃபை வழியும் சரியாக இருந்தால் மேப்ஸும் சரியாகவே இருக்கும்.

கணக்கில் நுழையாமலே மேப்ஸ் வழி காட்டும். சேமித்த இடங்கள், மதிப்புரை எழுதுவது போன்றவை இருக்காது. நீங்கள் எதைத் தேடுகிறீர்கள் என்பது மட்டும் கூகுளுக்குத் தெரியத்தான் செய்யும். கேள்வி கேட்காமல் பதில் வாங்க வழியில்லை.

செயலியே வேண்டாம், பிரவுசரில் பார்த்தால்?

அவ்வப்போது பார்ப்பவர்களுக்கு இதுவே நல்ல வழி. கிராபீன்ஓஎஸ்ஸோடு வரும் வனேடியம் பிரவுசரில் கூகுள் மேப்ஸ் திறக்கும். பஸ், ரயில் வழிகளையும் காட்டும். இரண்டு இடங்களில் அனுமதி கொடுக்க வேண்டும்: பிரவுசருக்கு ஒரு முறை, அந்தத் தளத்துக்கு ஒரு முறை. ஒன்றை மறந்தால் புள்ளி வராது. ஒவ்வொரு திருப்பத்திலும் குரல் கொடுக்கும் வழிகாட்டல் பிரவுசரில் கிடையாது. அந்தப் பொத்தானைத் தொட்டால் செயலியை நிறுவச் சொல்லும். பஸ்ஸில் போகிறவருக்கு அது எதற்கு? ஓட்டுநருக்கு வழி தெரியும்.

கூகுளே இல்லாத வரைபடம் எது நல்லது?

ஆர்கானிக் மேப்ஸ், அதிலிருந்து 2025-இல் பிரிந்து வந்த கோமேப்ஸ், ஆஸ்ம்அண்ட் ஆகிய மூன்றும், தன்னார்வலர்கள் வரையும் திறந்த வரைபடமாக 2004-இல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவையே காட்டுகின்றன. வரைபடத்தை ஒருமுறை தரவிறக்கிவிட்டால் பிறகு இணையமே வேண்டாம். ஆர்கானிக் மேப்ஸ் இந்தியாவை மாநிலவாரியாகப் பிரித்து வைத்திருக்கிறது; தமிழ்நாட்டை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். தரவிறக்கிய கையோடு அந்தச் செயலியின் நெட்வொர்க் அனுமதியைப் பறித்துவிடுங்கள். வெளியே பேச வழியே இல்லாத வரைபடம்: இந்த மகிழ்ச்சியைச் சாதாரண ஆண்ட்ராய்டு தராது.

எளிமை வேண்டுமென்றால் முதல் இரண்டில் ஒன்று. ஆஸ்ம்அண்ட் ஒரு சுவிஸ் கத்திபோல; மலையேறுகிறவர்களுக்கும் நில அளவைக்காரர்களுக்கும் பிடிக்கும். எனக்குத் தலை சுற்றும். திறந்த மூலச் செயலிகளுக்கான கடையான எஃப்-டிராய்டில் கிடைக்கும் அதன் பதிப்பில் வரைபடத் தரவிறக்கத்துக்கு எண்ணிக்கை வரம்பு இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். வீட்டு எண்ணை வைத்துத் தேடாதீர்கள். சென்னையில் பழைய எண், புதிய எண் என்று ஒரே கதவுக்கு இரண்டு எண்கள். தபால்காரரே ஒரு கணம் நின்று யோசிக்கிறார். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் பெரும்பாலான கதவுகளுக்கு ஓர் எண்கூட இல்லை. தெருப் பெயர், கோயில், பள்ளி, பெட்ரோல் பங்க் என்று தேடுங்கள். ஊர்ப் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும்போது ஆளுக்கொரு எழுத்துக்கூட்டல் என்பதால், திருவான்மியூரைத் தமிழிலேயே தட்டிப் பாருங்கள். பல நேரம் உடனே கிடைக்கும். தமிழ் விசைப்பலகைக்குக் கூகுளின் ஜிபோர்டை நிறுவி அதற்கும் நெட்வொர்க் அனுமதியை மறுத்துவிடலாம். நான் அப்படித்தான் செய்கிறேன்.

போக்குவரத்து நெரிசல் இவற்றுக்குத் தெரியாது. மெட்ரோ இரண்டாம் கட்டப் பணிக்காக மூன்று தடங்களில், 118.9 கிலோமீட்டர் நீளத்துக்கு நகரத்தைத் தோண்டிக்கொண்டிருக்கும்போது, நேற்று இருவழியாக இருந்த சாலை இன்று ஒருவழியாகியிருக்கும். தரவிறக்கிய வரைபடம் அதை அறியாது. ஆகவே மாதம் ஒருமுறையாவது புதுப்பியுங்கள். கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் இறுதியில் திறந்த பிறகு, பழைய கோப்பை நம்பி மதுரை பஸ்ஸுக்காகக் கோயம்பேட்டுக்குப் போய் நின்ற ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும். அவர்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறார்.

கல்யாணப் பத்திரிகையில் கூகுள் மேப்ஸ் சுருக்க இணைப்பு வருகிறது. என் வரைபடத்தில் அது திறப்பதில்லை.

பிரவுசரில் திறங்கள். இணைப்பு விரிந்ததும் முகவரிப் பட்டையில் இரண்டு தசம எண்கள் பெரும்பாலும் தென்படும். சென்னை என்றால் 13, 80 என்றோ 12, 80 என்றோ தொடங்கும். அந்த இரண்டையும் நகலெடுத்து ஆர்கானிக் மேப்ஸின் தேடல் பெட்டியில் ஒட்டினால் மண்டப வாசலில் கொண்டுபோய் விடும்.

பிளஸ் குறியீடு (எழுத்தும் எண்ணும் கலந்து ஓர் இடத்தைக் குறிக்கும் குறுமுகவரி) கொடுத்திருந்தால் இன்னும் எளிது. அது திறந்த முறை. ஆர்கானிக் மேப்ஸும் ஆஸ்ம்அண்டும் அதைப் புரிந்துகொள்கின்றன. ஆனால் பத்திரிகையில் இருப்பது ஊர்ப் பெயரோடு சேர்ந்த சுருக்க வடிவமாக இருக்கும். முழு வடிவத்தில் முன்னால் நான்கு எழுத்துகள் உண்டு: சென்னையின் மையப் பகுதிக்கு 7எம்52. தெற்கே போய் 13 டிகிரி அட்சக்கோட்டைத் தாண்டியதும், திருவான்மியூரில் அது 7எம்42 ஆகிவிடும். இதைத் தெரிந்துவைத்திருப்பதால் எந்தப் பெருமையும் வந்துவிடாது; திருமணத்துக்கு நேரத்தில் போய்ச் சேரலாம்.

வழிகாட்டும் குரல் வரவில்லை.

குரல் வரைபடச் செயலியுடையது அல்ல. எழுத்தைப் பேச்சாக்கும் எஞ்சின் தனிச் செயலி. அது உங்கள் போனில் இல்லாதிருக்கலாம். எஃப்-டிராய்டில் இஸ்பீக் என்ஜி கிடைக்கும், தமிழும் பேசும். எழுபதுகளின் அறிவியல் படத்து இயந்திர மனிதன் தமிழ் பேசினால் எப்படி இருக்குமோ அப்படி. பொறுக்க முடியாதவர்கள் கூகுளின் பேச்சுச் சேவையை நிறுவி, குரல்களைத் தரவிறக்கிய பிறகு நெட்வொர்க் அனுமதியை நீக்கிவிடலாம்.

29சி எப்போது வரும் என்று எந்தச் செயலி சொல்லும்?

பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் போகும் அந்த பஸ்ஸுக்குக் காத்திருந்து வளர்ந்தவன் என்பதால் இதற்குச் சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன்.

திறந்த வரைபடங்கள் இதில் கைவிரித்துவிடும். ஆர்கானிக் மேப்ஸுக்கு மெட்ரோ ரயில் பாதை தெரியும், பஸ் தெரியாது. ஆஸ்ம்அண்டில் பொதுப் போக்குவரத்து என்ற முறை உண்டு. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் யாராவது வரைந்து வைத்த பஸ் தடங்களை அது பின்பற்றும். எந்த நிறுத்தத்தில் ஏறி எங்கே மாற வேண்டும் என்று சொல்லும். எத்தனை மணிக்கு என்று சொல்லாது, அதனிடம் கால அட்டவணையே கிடையாது. சென்னையின் எல்லாத் தடங்களும் அதில் வரையப்படவும் இல்லை.

எஃப்-டிராய்டில் டிரான்ஸ்போர்ட்டர், ஓஃபி என்ற நல்ல செயலிகளைப் பார்த்து ஆசைப்படுவீர்கள். அவை பெரும்பாலும் ஐரோப்பிய நகரங்களின் போக்குவரத்துக் கழகங்களோடு பேசுகின்றவை. பெர்லினில் இருக்கும் உங்கள் அண்ணனுக்குச் சொல்லுங்கள், அவருக்கு உதவும்.

பஸ் இப்போது எங்கே வருகிறது என்ற செய்தி பஸ்ஸில் பொருத்திய கருவியிலிருந்து மாநகரப் போக்குவரத்துக் கழகத்துக்குப் போகிறது. அதைப் பார்க்க அரசின் செயலி வேண்டும். 2025 செப்டம்பரில் வந்த சென்னை ஒன் செயலியில் மாநகர பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றையும் சேர்த்திருக்கிறார்கள். கும்டா எனப்படும் சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்தின் முயற்சி. இத்தகைய செயலிகள் வரைபடம் காட்டுவதற்குப் பெரும்பாலும் கூகுளின் பிளே சர்வீசஸை எதிர்பார்க்கும். பிளே சர்வீசஸ் இல்லாவிட்டால் மேலே பொத்தான்கள், நடுவில் சாம்பல் நிறக் கட்டம் என்று ஒரு திரை வரும். அதைப் பார்த்தால் செயலி உடைந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். பிளே சர்வீசஸை நிறுவிவிட்டு மீண்டும் திறங்கள்.

பஸ் எங்கே என்று பார்க்க மட்டும் செயலிக்கு உங்கள் இருப்பிடம் தேவையில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். நிறுத்தத்தின் பெயரைத் தட்டினால் போதும். உங்கள் நிறுத்தம் எது என்று உங்களுக்குத் தெரியும்.

புறநகர் ரயில் டிக்கெட் எடுக்கும்போது "நீங்கள் நிலையத்துக்குள் இருக்கிறீர்கள்" என்று மறுக்கிறது. நான் வெளியே டீக்கடையில் நிற்கிறேன்!

முன்பதிவில்லா டிக்கெட்டை ரயில்வே செயலியில் தாளில்லாமல் எடுக்கும்போது, நீங்கள் நிலைய வளாகத்துக்குள் இருக்கக் கூடாது என்பது விதி. டிக்கெட் பரிசோதகரைக் கண்டதும் அவசரமாக எடுப்பதைத் தடுக்க வைத்தது. எவ்வளவு தொலைவிலிருந்து எடுக்கலாம் என்ற வெளி வரம்பை 2024 ஏப்ரலில் நீக்கிவிட்டார்கள். உள் வரம்பு இருக்கிறது. ஆகவே அந்தச் செயலிக்குத் துல்லியமான இருப்பிடம் கட்டாயம். தோராயமாகக் கொடுத்தால், 3 சதுர கிலோமீட்டருக்குள் மாம்பலம் நிலையமும் இருக்கும், உங்கள் டீக்கடையும் இருக்கும். செயலி என்ன செய்யும்?

துல்லியம் கொடுத்த பிறகும் கட்டட நெருக்கத்தில் ஜிபிஎஸ் சில பத்து மீட்டர் தள்ளிக் காட்டக்கூடும். வீட்டை விட்டுக் கிளம்பும்போதே எடுத்துவிடுவதே என் வழக்கம். நிலையத்துக்குள் வந்துவிட்டால் அங்கே ஒட்டியிருக்கும் க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து எடுக்கலாம். அந்த வசதிக்காகவே அதை ஒட்டியிருக்கிறார்கள். இல்லையென்றால் தானியங்கி இயந்திரம், கவுண்டர். 2025 ஜூலையில் வந்த ரயில்ஒன் செயலியில் முன்பதிவு டிக்கெட்டையும் இதையும் ஒன்றாகச் சேர்த்திருக்கிறார்கள்.

"இந்தச் சாதனம் பாதுகாப்பானது அல்ல" என்று சொல்லிச் செயலி மூடிக்கொள்கிறது.

கேட்டால் எரிச்சல் வரும், எனக்கும் வந்தது. செயலி கூகுளிடம் "இந்தப் போன் எப்படிப்பட்டது?" என்று விசாரிக்கிறது. அந்த விசாரணைக்குப் பிளே இன்டெக்ரிட்டி என்று பெயர். கூகுள் அங்கீகரித்த இயங்குதளம் அல்ல என்பதால் கிராபீன்ஓஎஸ் அடிப்படைப் படியை மட்டுமே தாண்டும். அதற்கு மேலான படியைக் கேட்கும் செயலி மூடிக்கொள்ளும். உங்கள் போன் பூட்டு எவ்வளவு உறுதியானது என்பதை இந்த விசாரணை அளப்பதில்லை. பூட்டுக்குக் கூகுளின் முத்திரை உண்டா என்று மட்டுமே பார்க்கிறது. பாதுகாப்புத் திருத்தமே வராத பழைய போன்கள் இதில் தேறிவிடுவதையும் கண்டிருக்கிறேன்.

ஆனால் எல்லாவற்றுக்கும் அந்தப் பழியைப் போடாதீர்கள். வேறு இரண்டு காரணங்களை முதலில் பாருங்கள். டெவலப்பர் விருப்பங்கள் (செயலி எழுதுகிறவர்களுக்காக மறைத்து வைத்த அமைப்புகள்) திறந்திருக்கிறதா? பணம் தொடர்பான பல செயலிகளுக்கு அது பிடிக்காது, அணையுங்கள். செயலி எந்தச் செய்தியும் இல்லாமல் திறந்தவுடன் விழுகிறதா? அதன் தகவல் பக்கத்தில் எக்ஸ்பிளாய்ட் புரொடெக்‌ஷன் கம்பேட்டிபிலிட்டி மோட் என்று நீளப் பெயருடைய பொத்தான் இருக்கிறது. கிராபீன்ஓஎஸ்ஸின் கண்டிப்பான நினைவகக் காவலில், செயலியின் சொந்தப் பிழைகள் வெளிப்பட்டு அது விழும். அந்தப் பொத்தான் அந்த ஒரு செயலிக்கு மட்டும் காவலைத் தளர்த்தும்.

இதற்கும் மசியாவிட்டால் அந்த நிறுவனத்துக்கு எழுதுங்கள். நான் இரண்டு முறை எழுதினேன். ஒருவர் பதில் அனுப்பவில்லை. இன்னொருவர் போனை ஒருமுறை அணைத்துப் போடச் சொன்னார்.

டிக்கெட் செயலிகளைப் பிரைவேட் ஸ்பேஸில் வைக்கலாமா?

ஆண்ட்ராய்டு 15-இல் வந்த தனியறை அது. பிளே சர்வீசஸையும் அதை நம்பியிருக்கும் செயலிகளையும் அதற்குள் பூட்டிவிட்டு, வெளியே சுத்தமாக வைத்திருக்கலாம். நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஒரு நாள் மாலை ஆறரை மணிக் கூட்டத்தில் பரிசோதகர் டிக்கெட் கேட்டார். அறையைத் திறக்கக் கடவுச்சொல். பூட்டியிருந்தபோது நிறுத்தப்பட்ட செயலி மறுபடி முதலிலிருந்து எழ வேண்டும். எழுந்து இணையத்தைத் தேடியது. கூட்டத்தில் சிக்னல் இல்லை. அவர் பொறுமைசாலி. பின்னால் நின்ற மூன்று பேர் அப்படியில்லை.

இப்போது டிக்கெட் செயலி வெளியே, தேவையான அனுமதிகளோடு மட்டும். அவ்வப்போது அழைக்கும் டாக்சி செயலிகள் உள்ளே. அறை பூட்டியிருக்கும்போது அறிவிப்புகளும் வராது என்பதால், "உங்கள் வண்டி வந்துவிட்டது" என்ற செய்தியை எதிர்பார்க்கும் நேரத்தில் திறந்தே வைத்திருங்கள்.

என்னிடம் இருப்பது கிராபீன்ஓஎஸ் அல்ல, மைக்ரோஜி வைத்த போன். 2024 வரை வீட்டுக்குள் இடம் காட்டியது, பிறகு நின்றுவிட்டது.

நின்றது உங்கள் போன் அல்ல, அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்த சேவை. மொசில்லா நடத்திய இருப்பிடச் சேவையை 2024 ஜூனில் மூடிவிட்டார்கள். மைக்ரோஜி பிளே சர்வீசஸுக்கு மாற்றாகத் திறந்த மூலத்தில் எழுதிய மென்பொருள். வைஃபை இருப்பிடத்துக்கு அது மொசில்லாவையே நம்பியிருந்தது. அதைப் புதுப்பித்து, இருப்பிட அமைப்பில் வேறு சேவையைத் தேர்ந்தெடுங்கள். பீக்கன்டிபி அவற்றில் ஒன்று. தன்னார்வலர்கள் தெருத் தெருவாகச் சேகரித்த தரவு என்பதால், உங்கள் தெருவில் யாரும் நடக்காதிருந்தால் அங்கே எதுவும் இருக்காது. நீங்களே நடந்து சேர்க்கலாம்.

இவ்வளவும் செய்தால் நான் இருக்கும் இடம் யாருக்கும் தெரியாதா?

தெரியும். சிம் போட்ட போன் எந்தக் கோபுரத்தோடு பேசுகிறது என்பது உங்கள் தொலைபேசி நிறுவனத்துக்கு எப்போதும் தெரியும். எந்த இயங்குதளமும் அதை மறைக்காது. டிக்கெட் செயலியில் தொலைபேசி எண்ணையும் யுபிஐயையும் கொடுத்தால், எந்த நிறுத்தத்திலிருந்து எங்கே போனீர்கள் என்பது அதன் கணக்கில் ஏறும். குறைந்திருப்பது மற்றதெல்லாம்: சம்பந்தமில்லாத பத்துச் செயலிகள் பின்னணியில் உங்கள் இடத்தைக் குறித்துக்கொண்டிருந்தது.

எழுபது வயது அப்பாவுக்கு இந்தப் போனைக் கொடுக்கலாமா?

நான் கொடுத்தேன். ஆர்கானிக் மேப்ஸில் வீடு, மருத்துவமனை, அத்தை வீடு மூன்றையும் குறித்து வைத்தேன். நெட்வொர்க் லொகேஷனை இயக்கினேன். டிக்கெட் செயலி எதையும் நிறுவவில்லை. அதற்குப் பதில் சிங்கார சென்னை அட்டை ஒன்று வாங்கிக் கொடுத்தேன். 2023 முதல் மெட்ரோவிலும், 2025 முதல் மாநகர பஸ்ஸிலும் அதைத் தட்டிவிட்டுப் போகலாம். அட்டைக்குப் பேட்டரி இல்லை, அனுமதி கேட்காது. முதல் வாரம் பஸ் எப்போது வரும் என்று எனக்குத் தொலைபேசியில் கேட்டார். இரண்டாம் வாரம் நிறுத்தத்தில் பூக்கடை வைத்திருக்கும் அம்மாவிடம் கேட்கத் தொடங்கிவிட்டார். அந்த அம்மா சொல்லும் நேரம்தான் சரியாக இருக்கிறதாம்.